மரகதத்துக்குப் புல் கட்டு வழங்கும் விழா

வெண்தலை மலைக் காட்டில் ஒரு கரடியும் நரியும் மலையாடும் காகமும் சேர்ந்து ஒரு சங்கம் நடத்தி வந்தார்கள். சங்கத்தின் பெயர் ‘இடர் தீர்க்கும் விலங்குகள் சங்கம்’. காட்டில் யாருக்காவது இடர் வந்தால் சங்கம் உடனே கூடும். கூடியதும் முதல் வேலையாகத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும். ஒவ்வொரு முறையும் கரடி அம்பலவாணர்தான் தலைவர். அவருடைய குகைதான் பெரியது, நால்வரும் கால் நீட்டி உட்காரலாம்.

நரி சிங்காரம் செயலாளர். மேடை அலங்காரமும் தோரணமும் மலையாடு செங்கமலத்தின் பொறுப்பு. காகம் கோலப்பனுக்குப் பதவி எதுவும் இல்லை. ஆனால் அவன் இல்லாமல் சங்கம் நடக்காது. அவன் கரித்துண்டை அலகில் பிடித்து மரப்பட்டையில் படம் வரைவான். சங்கம் யாருக்கு எதைக் கொடுத்தாலும் அதைக் கோலப்பன் வரைந்தாக வேண்டும். வரையாவிட்டால் கொடுத்ததாகவே ஆகாது.

படத்துக்கென்று சங்கத்தில் ஒரு விதி இருந்தது. கொடுக்கிறவர் வாங்குகிறவரைப் பார்க்கக் கூடாது, கோலப்பனைத்தான் பார்க்க வேண்டும். வாங்குகிறவர் எந்தப் பக்கம் பார்த்தாலும் யாருக்கும் கவலையில்லை. போன மழைக்காலத்தில் காலில் அடிபட்ட ஒரு நாரைக்கு ஊன்றுகோல் கொடுத்தார்கள். மற்ற மூவரும் ஒரே நேரத்தில் கோலப்பன் பக்கம் திரும்பிப் பல்லைக் காட்டியதில், கோல் நாரையிடம் போகாமல் ஆற்றில் விழுந்து போய்விட்டது. படம் மட்டும் மிக அழகாக வந்தது. அதை இன்றும் அம்பலவாணரின் குகையில் பார்க்கலாம்.

அந்த வருடம் குளிர்காலத் தொடக்கத்திலேயே மலை உச்சியிலிருந்து பனி சரிந்தது. அது ஒரு வியாழக்கிழமை. கீழ்ச் சரிவில் இருந்த முயல் மரகதத்தின் வளை அப்படியே மூடிப்போனது. அவள் தன் நான்கு குட்டிகளையும் ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு வெளியே வந்தாள். பக்கத்தில் ஒரு பாறை இடுக்கு இருந்தது. அதற்குள் குட்டிகளை வைத்தாள். கூரை என்று பார்த்தால் கல் இருந்தது. கதவு என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. காற்று நேராக உள்ளே வந்து குட்டிகளின் முதுகைத் தடவிவிட்டுப் போனது.

சங்கத்துக்குச் செய்தி எட்டியது. வெள்ளிக்கிழமை காலையிலேயே அறிவிப்பு வந்துவிட்டது. ‘வளை இழந்த மரகதம் குடும்பத்தாருக்கு நிதி திரட்டும் மாபெரும் விழா. திங்கட்கிழமை காலை, தலைவர் குகை வாசலில். வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு கட்டுக் காய்ந்த புல்லோ ஒரு பிடி அக்ரூட் கொட்டையோ கொண்டுவரவும்.’

காட்டில் இருப்பவர்களுக்கு நல்ல மனசு. பனி வந்தால் பாதை அடைத்துவிடும் என்று வெள்ளிக்கிழமையே கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். மாலைக்குள் குகையின் பின்சுவர் ஓரமாக முப்பது புல் கட்டுகள் குவிந்தன. ஒரு கூடை நிறையக் கொட்டை சேர்ந்தது. தேனீக்கள் ஒரு குடுவைத் தேனும் அனுப்பியிருந்தன.

இருட்டுவதற்குள் பனி கொட்ட ஆரம்பித்தது. அம்பலவாணர் குகை வாசலில் மூங்கில் தட்டியை இழுத்து மூடினார்.

“இனி ரெண்டு நாளைக்கு வெளியில கால் வைக்க முடியாது. நல்லதாப் போச்சு. சனி, ஞாயிறு உள்ளேயே உட்கார்ந்து விழா வேலையை முடிச்சுடலாம்” என்றார்.

மற்ற மூவரும் தலையாட்டினார்கள். ஊருக்காக உழைப்பது என்றால் அவர்களுக்குக் கொள்ளை ஆசை. அதிலும் குகைக்குள் நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உழைப்பது என்றால் கேட்கவே வேண்டாம்.

சனிக்கிழமை காலையில் மூங்கில் தட்டியை யாரோ சுரண்டினார்கள். செங்கமலம் திறந்து பார்த்தாள். மரகதம் நின்றிருந்தாள். காது நுனியிலும் மீசையிலும் பனி ஒட்டியிருந்தது.

“அக்கா, எனக்குன்னு புல் வந்திருக்காமே. ஒரே ஒரு கட்டு இப்போ கொடுத்தீங்கன்னா பாறை வாயை அடைச்சுடுவேன். குட்டிங்க ராத்திரி முழுக்க நடுங்கிடுச்சுங்க” என்றாள்.

செங்கமலம் சிங்காரத்தைப் பார்த்தாள். சிங்காரம் அம்பலவாணரைப் பார்த்தார். அம்பலவாணர் கூரையைப் பார்த்தார்.

“உனக்குத்தான் அம்மா எல்லாமே. ஒரு புல்லுகூட வேற யாருக்கும் இல்ல” என்றார் சிங்காரம். “ஆனா மேடையில வெச்சுத்தான் கொடுக்கணும். இப்போ கொடுத்துட்டா திங்கட்கிழமை எதைக் கொடுக்கறது?”

“மீதி இருபத்தொன்பது கட்டைக் கொடுங்களேன்.”

“முப்பதுன்னு மேடை அறிவிப்பு எழுதியாச்சு” என்றார் சிங்காரம். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அறிவிப்பைத் திருத்த வேண்டுமே என்ற வருத்தம்தான்.

அம்பலவாணர் பரிவோடு கேட்டார். “ஏம்மா, குட்டிங்க நாலும் திங்கட்கிழமை வரும்தானே?”

“பிழைச்சுக் கிடந்தா வரும் ஐயா.”

“நல்லது. நாலையும் கூட்டிட்டு வா. மேடையில குட்டிங்க இருந்தா ஜனங்க மனசு இளகும். கொஞ்சம் மெலிஞ்சே இருக்கட்டும், அவசரப்பட்டு எதையும் ஊட்டிடாதே.”

இதற்குப் பதில் சொல்லும் நேரத்தில் குட்டிகளின் மேல் படுத்திருந்தால் அவற்றுக்குக் கொஞ்சம் சூடாவது கிடைக்கும். மரகதம் திரும்பிப் பனியில் தாவிப் போனாள்.

தட்டி மூடியது. சங்கம் வேலையில் இறங்கியது.

முதல் வேலை வரவேற்பு வளைவு. செங்கமலம் அதைப் புல்லால் கட்டலாம் என்றாள். வெளியே போய்த் தழை பறிக்க முடியாது. அதனால் மரகதத்துக்கு வந்த கட்டுகளில் ஐந்தைப் பிரித்தாள். வளைவு நன்றாகவே இருந்தது. அதன் உச்சியில் ‘குளிரில் வாடுவோர்க்குக் கை கொடுப்போம்’ என்று எழுதித் தொங்கவிட்டார்கள்.

அடுத்தது தலைவர் இருக்கை. கல்லில் உட்கார்ந்தால் அம்பலவாணருக்கு இடுப்பு வலிக்கும். இரண்டு மணி நேர விழாவில் தலைவர் நெளிந்துகொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்? மூன்று கட்டுகளை இருக்கைக்கு மெத்தையாகப் போட்டார்கள். போட்டதும் அம்பலவாணர் உட்கார்ந்து பார்த்தார். நன்றாக இருந்ததால் எழுந்திருக்கவில்லை.

பிறகு சிறப்பு விருந்தினருக்குப் போர்த்தப் பொன்னாடை வேண்டும். சிறப்பு விருந்தினர் யார் என்று பேச்சு வந்தது. பக்கத்து மலையில் ஒரு பனிச்சிறுத்தை இருக்கிறார், பெரிய மனிதர், ஆனால் அவர் வந்தால் வருகிறவர்கள் வரமாட்டார்கள். ஆகையால் சங்கத்தின் நால்வருமே சிறப்பு விருந்தினர்கள் என்று முடிவாயிற்று. செங்கமலம் உட்கார்ந்து புல்லை முடைந்து நான்கு பொன்னாடைகள் செய்தாள். மேலும் நான்கு கட்டுகள் போயின. அளவு சரியாக இருக்கிறதா என்று போர்த்திப் பார்த்தார்கள். குகைக்குள்ளும் லேசாகக் குளிரத்தான் செய்தது. போர்த்தியதை யாரும் கழற்றவில்லை.

அம்பலவாணர் தலைமை உரையை உரக்கப் படித்துப் பழகினார். உரை நீளம். பசியைப் பற்றிய பகுதி வந்தபோது தொண்டை கட்டிக்கொண்டது.

“தேன் தொண்டைக்கு நல்லதாச்சே” என்றார் சிங்காரம்.

குடுவையைத் திறந்தார்கள். ஒரு சொட்டு என்றுதான் அம்பலவாணர் ஆரம்பித்தார். கரடிக்கு ஒரு சொட்டு என்றால் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். கொட்டைக் கூடையும் சும்மா இருக்கவில்லை. கூட்டம் நீண்டால் வாய் நமநமவென்றுதானே இருக்கும்? மதியத்துக்குள் தரையெல்லாம் அக்ரூட் ஓடு.

மதியம் மரகதம் மறுபடியும் வந்தாள். இந்த முறை தட்டியைச் சுரண்டவில்லை. அவளே தலையால் முட்டித் திறந்தாள்.

“கடைசிக் குட்டி கத்தறதை நிறுத்திடுச்சு” என்றாள். “பால் குடிக்கவும் மாட்டேங்குது. தொட்டா சில்லுனு இருக்கு. ஐயா, ஒரு கட்டு. ஒரே ஒரு கட்டு.”

சிங்காரம் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

“இப்போ சொன்னே பாரு, இதே மாதிரி மேடையில சொல்லணும்” என்றார். “‘ஒரே ஒரு கட்டு’ன்னு சொல்லும்போது குரல் உடைஞ்சது பாரு, அதை அப்படியே வெச்சுக்கோ. தலைவரே, கேட்டீங்களா?”

“கேட்டேன். எனக்கே கண் கலங்கிடுச்சு” என்றார் அம்பலவாணர், மெத்தை மேலிருந்து.

மரகதம் குகையைச் சுற்றிப் பார்த்தாள். வளைவைப் பார்த்தாள். மெத்தையைப் பார்த்தாள். நான்கு தோள்களிலும் கிடந்த பொன்னாடைகளைப் பார்த்தாள். பின்சுவர் ஓரமாக இருந்த குவியல் காலையில் இருந்ததைவிடச் சிறியதாகிவிட்டது. திங்கட்கிழமை வரும்போது அங்கே சுவர் மட்டும்தான் இருக்கும் என்று அவளுக்குப் புரிந்தது. அதுவரை கடைசிக் குட்டி தாங்காது என்பதும் புரிந்தது.

அவளுக்கு வந்த கோபத்தில் நான்கு பேரையும் கடித்திருப்பாள். ஆனால் முயல் கடித்துக் கரடிக்கு என்ன ஆகப்போகிறது? அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த நேரத்தில் குகைக்குள் ஒரு பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. மேடையில் புல் கட்டைக் கொடுப்பது யார்?

“தலைவர் கையாலதான் கொடுக்கணும். அதுதான் முறை” என்றார் அம்பலவாணர்.

“புல் வந்ததே எங்க மேட்டுச் சரிவிலிருந்துதான். நான்தான் கொடுப்பேன்” என்றாள் செங்கமலம்.

“விழா யோசனை யாருடையது?” என்று கேட்டார் சிங்காரம். கேட்டுவிட்டுக் காதை நிமிர்த்தி வைத்துக்கொண்டார்.

“நாலு பேரும் ஒரே கட்டைப் பிடிச்சா படத்துல புல்லே தெரியாது. நாரைக்குக் கோல் கொடுத்தப்பவே அதுதான் பிரச்சினை” என்றான் கோலப்பன். “அதுலயும் நான் படம் வரையறேன், என் படம் மட்டும் எதுலயும் வர்றதில்ல. இந்தத் தடவை நானும் கொடுக்கப்போறேன்.”

சண்டை வலுத்தது. சங்கம் உடைந்துவிடும் போலிருந்தது.

மரகதம் தொண்டையைக் கனைத்தாள்.

“நான் ஒண்ணு சொல்லலாமா ஐயா? கட்டுதான் நிறைய இருக்கே. ஆளுக்கு ஒரு கட்டாத் தனித்தனியாக் கொடுங்களேன். ஆளுக்கு ஒரு படம் கிடைக்கும். நான் ஒவ்வொருத்தர்கிட்டயும் வந்து வாங்கிக்கறேன்.”

நால்வரும் சண்டையை விட்டுவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு எளிய விஷயம் நம் மண்டையில் உதிக்கவில்லையே என்று ஒரு நொடி வெட்கப்பட்டார்கள். பிறகு அது சிங்காரத்தின் யோசனை என்று தீர்மானத்தில் எழுதிக்கொண்டார்கள்.

“ஆனா எனக்கு மேடைப் பழக்கம் இல்ல” என்றாள் மரகதம். “தடுமாறி உங்க படத்தைக் கெடுத்துடுவேனோன்னு பயமா இருக்கு. ஒத்திகை பார்த்துட்டா நல்லது. வெறுங்கையோட பார்த்தா சரியா வராது. கட்டோட கனம் தெரியணும்.”

“பாருங்க, எவ்வளவு பொறுப்பு!” என்றார் அம்பலவாணர்.

தட்டியைப் பாதி திறந்து, வாசல் ஓரத்தை மேடை என்று வைத்துக்கொண்டார்கள். கோலப்பன் எதிரே ஒரு கல்லில் மரப்பட்டையோடு உட்கார்ந்தான். அவன் முறை வரும்போது சிங்காரம் கரித்துண்டைப் பிடிப்பதாக ஏற்பாடு. செங்கமலம் பின்சுவரிலிருந்து ஒரு கட்டை எடுத்து அம்பலவாணரின் கையில் கொடுத்தாள்.

சிங்காரம் மரகதத்துக்குச் சொல்லிக்கொடுத்தார். “வாங்கினதும் கும்பிடு. கும்பிட்டதும் அங்கேயே நிக்காதே. மேடையில கொடுத்தவர் மட்டும் தனியாத் தெரியணும். நீ நின்னா இடத்தை அடைச்சுக்குவே. உடனே இறங்கிப் போயிடணும்.”

“எவ்வளவு தூரம் ஐயா?”

“கண்ணுல படாத தூரம்.”

“கட்டை என்ன பண்றது?”

“அதையும் எடுத்துட்டுத்தான் போகணும். கீழே போட்டுட்டுப் போனா படத்துல குப்பை மாதிரி தெரியும்.”

“சரிங்க ஐயா” என்றாள் மரகதம். “நீங்க சொன்னபடியே செய்யறேன்.”

அம்பலவாணர் கட்டை நீட்டினார். நீட்டியதும் முகத்தைக் கோலப்பன் பக்கம் திருப்பினார். பல்லைக் காட்டினார். மரகதம் கட்டை வாங்கினாள். கும்பிட்டாள். இறங்கினாள். கண்ணில் படாத தூரம் போனாள்.

பாறை இடுக்கு அந்தத் தூரத்தில்தான் இருந்தது. அவள் கட்டைப் பிரித்து, பாதியைக் குட்டிகளுக்கு அடியில் பரப்பினாள். மீதியைக் கடைசிக் குட்டியைச் சுற்றிச் செருகினாள். அதன் மூக்கை நக்கிவிட்டுத் திரும்ப ஓடி வந்தாள்.

குகையில் அம்பலவாணர் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் திருப்தி இல்லை.

“சிரிப்புல பரிவு போதாது. நான் ஏதோ விருந்துக்குப் போன மாதிரி இருக்கேன். மறுபடியும் வரை” என்றார்.

“அடுத்த கட்டு” என்றார் சிங்காரம்.

இரண்டாம் கட்டு போனது. இந்த முறை பரிவு அதிகமாகி, பல்வலி போல் தெரிந்தது. மூன்றாம் கட்டும் போனது. மூன்றாவதில் அம்பலவாணர் வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்திருந்தார். அந்தப் படம் அவருக்குப் பிடித்தது. பிறகு செங்கமலத்தின் முறை. அவளுக்கு இடப்பக்கக் கொம்புதான் அழகு. அந்தக் கொம்பு தெரிய நிற்க நான்கு முறை முயன்றாள். பிறகு வலப்பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்றாள்.

ஒவ்வொரு முறையும் மரகதம் வாங்கினாள், கும்பிட்டாள், இறங்கிப் போனாள். ஒவ்வொரு முறையும் காதில் பனியோடு திரும்பி வந்தாள்.

“தரையெல்லாம் ஈரமாகுது. காலைத் துடைச்சுட்டு வரக்கூடாதா?” என்று அம்பலவாணர் அலுத்துக்கொண்டார். அதைச் சொல்லும்போதும் அவர் கோலப்பனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை வெளிச்சம் மங்கியதும் ஒத்திகையை நிறுத்தினார்கள். அன்றிரவு பாறை இடுக்கின் வாய் புல்லால் அடைபட்டிருந்தது. உள்ளே ஐந்து முயல்கள் நெருக்கியடித்துத் தூங்கின.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிங்காரத்தின் முறை. சிங்காரம் தந்திரசாலி. அவருக்கு ஒரே படத்தில் அடக்கமும் தெரிய வேண்டும், செயலாளர் என்ற மிடுக்கும் தெரிய வேண்டும். இரண்டும் சேர்ந்து வருவதற்குள் ஐந்து கட்டுகள் போய்விட்டன. கடைசியில் கோலப்பனின் முறை வந்தது. சிங்காரத்துக்குப் படம் வரையவே தெரியாது. அவர் வரைந்த காகம் முதலில் கத்தரிக்காய் போல வந்தது. பிறகு செருப்பு போல வந்தது. கோலப்பன் அழாத குறையாக, “இன்னொரு தடவை, இன்னொரு தடவை” என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

மரகதம் அலுத்துக்கொள்ளவே இல்லை. “எத்தனை தடவை வேணும்னாலும் வர்றேன் ஐயா. படம் நல்லா வரணும், அதுதான் முக்கியம்” என்றாள்.

மதியம் செங்கமலம் அடுத்த கட்டுக்காகப் பின்னால் கை நீட்டினாள். சுவர்தான் கையில் பட்டது.

“கட்டு தீர்ந்துபோச்சு” என்றாள்.

“தீர்ந்துபோச்சா? எப்படித் தீரும்?” என்றார் சிங்காரம். “ஒத்திகைதானே பார்த்தோம்?”

நால்வரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒத்திகை தொடங்கியதிலிருந்து அவர்கள் அந்தப் பக்கம் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவர்களுடைய பொன்னாடையும் மெத்தையும் வளைவும்தான் மிச்சம். மரகதம் கடைசிக் கட்டோடு கண்ணில் படாத தூரத்துக்குப் போயிருந்தாள். இந்த முறை திரும்பி வரவில்லை.

“ஏமாத்திட்டா” என்றாள் செங்கமலம்.

“போய்ப் பிடுங்கிட்டு வரணும்” என்றான் கோலப்பன்.

“ஆமா, போகணும். யாராவது போங்க” என்றார் அம்பலவாணர்.

சிங்காரம் தட்டியை விலக்கி மூக்கை வெளியே நீட்டினார். காற்று சுளீர் என்று அடித்தது. மூக்கை உள்ளே இழுத்துக்கொண்டார்.

“இந்தக் குளிர்ல எப்படிப் போறது? போனா செத்தே போயிடுவோம்” என்றார்.

அவர் சொன்னதில் என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. பொன்னாடையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நெருப்புக்கு அருகே நகர்ந்து உட்கார்ந்தார்கள். திங்கட்கிழமை எல்லார் முன்னாலும் அவளைத் திருடி என்று சொல்வது, பிறகு புதிதாக நிதி திரட்டிக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். அதற்குள் ஒத்திகைப் படங்களைச் சும்மா வைத்திருப்பானேன் என்று செங்கமலம் வாசலைச் சுற்றி எல்லாவற்றையும் மாட்டிவிட்டாள். அவளுடைய இடப்பக்கக் கொம்பு நான்கு இடங்களில் தெரிந்தது.

திங்கட்கிழமை பனி நின்றது. காட்டில் இருந்தவர்கள் எல்லாரும் பாதையைத் தோண்டிக்கொண்டு வந்தார்கள். அணில்கள் வந்தன, முள்ளம்பன்றிகள் வந்தன, காட்டுக்கோழிகள் குஞ்சுகளோடு வந்தன. கையில் இருந்த கொஞ்சநஞ்சத்தையும் கொண்டுவந்தார்கள். கூட்டத்தின் கடைசியில் மரகதம் வந்து நின்றாள். அவள் பின்னால் நான்கு குட்டிகளும் நின்றன.

அம்பலவாணர் மெத்தையில் உட்கார்ந்தார். சிங்காரம் எழுந்து முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார்.

“பெரியோர்களே, சொல்லவே நாக்கு கூசுது” என்று ஆரம்பித்தார். “நீங்க மனசாரக் கொடுத்த புல் எல்லாம் களவு போயிடுச்சு. யாருக்காகத் திரட்டினோமோ அவங்களே கையை வெச்சுட்டாங்க.”

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. எல்லாரும் திரும்பி மரகதத்தைப் பார்த்தார்கள். அவள் குட்டிகளைத் தன்னோடு அணைத்துக்கொண்டாள். ஆனால் தலையைக் குனியவில்லை.

ஒரு காட்டுக்கோழி கழுத்தை நீட்டி வாசலைச் சுற்றி மாட்டியிருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தது.

“களவு போச்சுன்னு சொல்றீங்க. ஆனா இந்தப் படத்துல எல்லாம் நீங்களேதானே சிரிச்சுக்கிட்டுக் கொடுக்கறீங்க?” என்று கேட்டது.

“இதுல தலைவரும் கொடுக்கறாரே” என்றது ஓர் அணில்.

“இந்தச் செருப்புகூடக் கொடுக்குது பாரு” என்றது ஒரு முள்ளம்பன்றி.

களவு என்றால் படங்கள் பொய் என்றாகும். படங்கள் மெய் என்றால் களவு பொய் என்றாகும். சிங்காரம் ஒரே நொடிதான் யோசித்தார்.

“அதைத்தான் சொல்ல வந்தேன்” என்றார். “விழா வரைக்கும் காத்திருக்க எங்க மனசு கேக்கல. பனியில வாடறவங்களைப் பார்த்துக்கிட்டுச் சும்மா இருக்க முடியுமா? முன்கூட்டியே எடுத்துக் கொடுத்துட்டோம்.”

“உண்மையா மரகதம்? எல்லாம் உனக்கு வந்துடுச்சா?” என்று கேட்டது கோழி.

“கட்டுக் கட்டா வந்துடுச்சு. நாலு பேரும் தங்கள் கையாலேயே கொடுத்தாங்க” என்றாள் மரகதம். “நீங்க எல்லாரும் நல்லா இருக்கணும். நேத்து வரைக்கும் கண் திறக்காம கிடந்த கடைசிக் குட்டி இன்னிக்குக் காலையில எழுந்து பால் குடிச்சுது.”

எனக்கு இந்தக் கதையில் அந்த ஒரு சேதி போதும். மற்றதெல்லாம் பிறகுதான்.

கூட்டத்துக்கும் அதுவே போதுமாக இருந்தது. காட்டுக்கோழி கண்ணைத் துடைத்துக்கொண்டது. அணில் ஒன்று தான் கொண்டுவந்த கொட்டைகளை நேராக மரகதத்தின் மடியில் போட்டது. அதைப் பார்த்து மற்றவர்களும் அவளிடமே கொடுத்தார்கள். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

“அப்போ கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாச்சு. விழா எதுக்கு? பனி மறுபடி வர்றதுக்குள்ள வீட்டுக்குப் போகலாம், வாங்க” என்றது முள்ளம்பன்றி.

“தலைமை உரை இருக்கு” என்றார் அம்பலவாணர்.

“நீங்க செஞ்சதே பேச்சுக்கு மேல தலைவரே. பேசித்தான் ஆகணுமா?” என்று அது மரியாதையாகச் சொல்லிவிட்டு நடையைக் கட்டியது.

கொஞ்ச நேரத்தில் வாசல் வெறிச்சோடியது. நான்கு சிறப்பு விருந்தினர்களும் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தார்கள். காடே அவர்களைப் புகழ்ந்துகொண்டு போனது. அவர்கள் முகமோ செத்த வீட்டுக்குப் போய் வந்தது போல இருந்தது.

“முப்பது கட்டு சேர்ந்தது. கொடுத்தும் ஆச்சு” என்றாள் செங்கமலம். “ஆனா ஒருத்தர்கூடப் பார்க்கல.”

“ரெண்டு நாள் உழைப்பு பாழ்” என்றார் சிங்காரம்.

கோலப்பன் தன் படங்களையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் கத்தரிக்காயும் செருப்புமாக இருந்தது அவன்தான்.

அம்பலவாணர் வெகுநேரம் யோசித்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

“தப்பு நம்ம மேலதான். அவளை உள்ள விட்டிருக்கவே கூடாது. இனிமே யாருக்கு வீடு இடிஞ்சாலும், விழா முடியற வரைக்கும் அவங்களை வாசல்லயே நிறுத்தணும்” என்றார்.

“தீர்மானமா எழுதிக்கட்டுமா தலைவரே?”

“எழுதுங்க.”

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

பிறர் பார்ப்பதற்காகக் கொடுக்கிறவனுக்கு, அவன் கொடுத்தது உரியவரிடம் போய்ச் சேர்ந்தாலும் களவு போனது போலத்தான் இருக்கும்.